கணக்குச் சரி, ஆள் தப்பு

"கார்த்தேஜ் எப்ப வரும்?" என்று கேட்டார், பஸ்ஸின் நடுவரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த வெள்ளைத் தாடிக்காரர்.

மைக்கைக் கையில் வைத்திருந்த ஜுஹைர் சிரித்தான். கப்பல் பயணிகளிடம் இதெல்லாம் சகஜம். திங்கள் நேப்பிள்ஸ், செவ்வாய் பலெர்மோ, புதன் துனிஸ், வியாழன் மால்டா என்று ஒரே வாரத்தில் பழம்பெரும் நகரங்களை வரிசையாக விழுங்குகிறவர்களுக்கு, எது வயிற்றுக்குள் போய்விட்டது, எது இன்னும் தட்டில் இருக்கிறது என்பது குழம்பத்தான் செய்யும். போன மாதம் ஓர் அம்மாள் ஸைத்தூனா பள்ளிவாசலின் முற்றத்தில் நின்றுகொண்டு, போப்பாண்டவர் எந்த ஜன்னலில் தோன்றுவார் என்று கேட்டாள். ஜுஹைர் மரியாதையாக ஒரு ஜன்னலைக் காட்டி, இன்றைக்கு அவருக்கு விடுமுறை என்று சொல்லிவிட்டான்.

"கார்த்தேஜ் காலையிலயே பார்த்தாச்சே ஐயா. உடைஞ்ச தூணு, பின்னாடி கடலு. ஞாபகம் இல்லையா?"

"இல்லையே," என்றார் தாடிக்காரர் பணிவாக. "காலைல பழைய நகரம், கடைவீதி. சாப்பாட்டுக்கு அப்புறம் கார்த்தேஜ்னு அந்தம்மா சொன்னாங்க."

"எந்தம்மா?"

"நம்ம கைடு அம்மா. நீங்க அவங்களுக்கு மாத்து ஆள்தானே?"

ஜுஹைரின் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது. தாடிக்காரரின் மார்பில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தான். அதில் ஏழு என்று போட்டிருந்தது. அதில் தவறில்லை, இது ஏழாம் நம்பர் பஸ்தான். ஆனால் ஸ்டிக்கர் நீலம். இந்த பஸ்ஸில் இருக்கும் அத்தனை பேரும் பச்சை.

அன்றைக்குத் துனிஸின் ஹல்குல் வாதி துறைமுகத்தில் இரண்டு கப்பல்கள் நின்றிருந்தன. 'ரெஜினா அவ்ரேலியா' என்கிற இத்தாலியக் கப்பலுக்குப் பச்சை ஸ்டிக்கர். பக்கத்தில் நின்ற சின்னக் கப்பலுக்கு நீலம். இரண்டுக்கும் பஸ் விடுவது ஒரே ஏஜென்ஸி, இரண்டுக்கும் ஆளுக்கொரு ஏழாம் நம்பர். பச்சைக்குக் காலையில் கார்த்தேஜ், பிறகு பழைய நகரம். ஐந்து மணிக்குக் கப்பல் கிளம்பிவிடும். நீலத்துக்கு அப்படியே தலைகீழ். அந்தக் கப்பல் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் நங்கூரம் எடுக்கும். மதிய வேளையில் இரண்டு கூட்டமும் பழைய நகரத்து வாசலில், ஒரே வளைவுக்கு அடியில், ஒரே தொப்பிக் கடைக்கு முன்னால் கலந்து நின்றன.

பஸ் கிளம்பும்போது ஜுஹைர் எண்ணினான். விரலை நீட்டி எண்ணமாட்டான். மனிதர்களைச் சுட்டி எண்ணினால் கண் படும் என்று டிரைவர் முக்தார் சண்டைக்கு வருவான். அதற்காகவே பையில் ஒரு சின்ன எண்ணும் கருவி உண்டு. ஏறுகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் பைக்குள் ஒரு கிளிக். முப்பத்தெட்டு வர வேண்டும், முப்பத்தெட்டு வந்தது. கண் படவில்லை. கண் வைத்தும் பார்க்கவில்லை, அதுதான் கோளாறு.

ஒரு நீலம் கூடியிருக்கிறது என்றால் ஒரு பச்சை குறைந்திருக்கிறது.

வரிசை வரிசையாகப் பார்வையை ஓட்டினான். கடைசிக்கு முந்தைய வரிசையில் சின்யோரா இரீடே தெரென்ஸி ஜன்னல் பக்கம் சாய்ந்து, ஏரியில் ஒற்றைக் காலில் நிற்கும் பூநாரைகளை ரசித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து இருக்கையில் அவளுடைய கைப்பை உட்கார்ந்திருந்தது. காலையில் அங்கே அவள் கணவர் உட்கார்ந்திருந்தார். பேராசிரியர் உபால்தோ தெரென்ஸி.

பஸ் இவ்வளவு அமைதியாக இருப்பது மதியம் தின்ற ப்ரீக்கின் மயக்கம் என்று ஜுஹைர் இதுவரை நினைத்திருந்தான். எண்ணெயில் பொரித்து உள்ளே முட்டை வைத்த பண்டம், யாரையும் தூங்க வைக்கும். ஆனால் பேராசிரியரைத் தூங்க வைக்கும் பண்டத்தை எந்த நாடும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. அவர் சாதாரணப் பயணி அல்லர். கப்பலின் விளம்பரத் தாளில் 'நாகரிகங்களின் நண்பர்' என்று படம் போட்டிருந்தது. ஒவ்வொரு துறைமுகத்துக்கும் முதல் நாள் மாலை மேல்தளத்து அரங்கில் அவர் பேசுவார். நேப்பிள்ஸில் ஃபினீசியர்கள், பலெர்மோவில் ஃபினீசியர்கள், மால்டாவில் ஃபினீசியர்கள். அவர் பேச்சில் அந்தப் பாவப்பட்ட பழங்காலக் கடல் வணிகர்கள் இறங்கி ஏறாத துறையே கிடையாது. இன்று காலை கார்த்தேஜில் ஜுஹைரின் கையிலிருந்து மைக்கை மூன்று முறை பிடுங்கினார். மூன்றாவது முறை ஜுஹைர் தானாகவே நீட்டிவிட்டான்.

மைக்கை அணைத்துவிட்டு டிரைவரின் அருகில் போய்க் குனிந்தான். முன்வரிசையில், கைக்கெட்டும் தூரத்தில், கப்பலின் சுற்றுலா அதிகாரி ஓர்னெல்லா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அரபி தெரியாது. முகம் படிக்கத் தெரியும்.

"முக்தார், மூஞ்சிய ரோட்டைப் பார்த்து வெச்சுக்கோ. சிரிச்சுக்கிட்டே கேளு. பேராசிரியர் பஸ்ல இல்ல."

காதுக்குப் பின்னால் மல்லிகைச் செண்டு செருகியிருந்த முக்தார் சிரித்தான். அவனுக்கு அது கஷ்டமாக இல்லை. "அல்ஹம்துலில்லாஹ். அதான் ஏசி நல்லா வேலை செய்யுதா? எங்க விட்டே ஜுஹைர் அண்ணே?"

"மொஞ்சியாவோட பஸ்ல இருப்பாரு. அவ ஆளு ஒருத்தர் இங்க இருக்காரு."

முக்தாரின் சிரிப்பு சட்டென்று நின்றது. "மொஞ்சியாவா? செத்தே போ."

விஷயம் இதுதான். சீசன் முடிந்ததும் இரண்டு கைடுகளில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்வேன் என்று ஏஜென்ஸி முதலாளி சொல்லியிருந்தார். ஒன்று ஜுஹைர், இன்னொன்று மொஞ்சியா. யார் என்பதைத் தீர்மானிக்கப் போவது கப்பல்காரர்களின் வாய்ச்சொல். அதாவது முன்வரிசையில் கண்மூடி இருந்த இந்த ஓர்னெல்லா. ஏப்ரலில் ஜுஹைர் ஒரு தம்பதியை வாசனைத் திரவியக் கடையில் மறந்துவிட்டு வந்து, பாதி வழியிலிருந்து திரும்பிப் போக வேண்டியிருந்தது. "இன்னொரு தடவை ஆளைத் தொலைச்சீங்கன்னா அப்புறம் பேச எதுவும் இல்ல," என்று அன்றைக்கே அவள் இனிமையாகச் சொல்லியிருந்தாள். ஐம்பத்திரண்டு வயதில் துறைமுக வேலை போனால், ஓட்டல் வாசலில் நின்று ஒட்டகச் சவாரிக்கு ஆள் பிடிக்க வேண்டியதுதான். ஜுஹைருக்கு ஒட்டகம் என்றாலே ஆகாது.

மொஞ்சியாவுக்கு போன் போட்டான். அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டான். ஏரிச்சாலையில் முன்னால் ஒரு லாரி படுத்திருந்தது. பஸ் ஊர்ந்தது. பக்கத்துத் தண்டவாளத்தில் புறநகர் ரயில் இவர்களைக் கடந்து போனது. அதன் திறந்த கதவில் தொங்கிக்கொண்டிருந்தவர்கள் பஸ்ஸைப் பார்த்துக் கையாட்டினார்கள்.

"அவ எடுக்கமாட்டா. அவ டிரைவரைப் பிடிப்போம்," என்றான் முக்தார். ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எண்ணை அழுத்தினான். "ஹமாதி! சகோதரா, எங்க இருக்கே?"

"கார்த்தேஜ்ல, பழைய குளியல் மண்டபத்துக்கிட்ட. நிழல்ல." ஹமாதி தன் குரலுக்குப் போனே தேவையில்லை என்று நம்புகிற ரகம். ஜுஹைர் போனைத் தன் காதோடு அமுக்கிக்கொண்டு, பேராசிரியரைப் பற்றிக் கேட்டான். "உங்க இத்தாலிக்காரரா? இங்கதான் இருக்காரு. பஸ் கிளம்புன நிமிஷத்துல மைக்கைப் பிடிச்சவரு, இன்னும் விடல. மொஞ்சியாம்மா ஒரு வார்த்தை பேசல. கால நீட்டி உக்காந்து விசிறிக்கிட்டிருக்கா. இந்த மாதிரி ஒரு நாள் வாழ்க்கைல வந்ததில்லங்குறா."

"அவர் உங்க கப்பல் இல்லன்னு யாருமே கவனிக்கலையா?"

"எப்படிக் கவனிப்பாங்க? ஃபினீசியர்னாரு. இவங்க கப்பல்லயும் நேத்து ஒருத்தர் அதையேதான் சொன்னாராம்."

"அவகிட்ட குடு."

சிறிது நேரம் காற்றுச் சத்தம். பிறகு மொஞ்சியாவின் குரல், அவசரமே இல்லாமல். "என்ன ஜுஹைர், என் கிழவர் ஒருத்தர் குறையுறாரு. உன்கிட்ட இருக்காரா?"

அவளுக்கும் தெரிந்திருக்கிறது. எவ்வளவு நேரமாகத் தெரியும் என்று கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

"இருக்காரு. பத்திரமா இருக்காரு."

"என்கிட்டயும் உன் ஆளு பத்திரமாத்தான் இருக்காரு. எனக்கு ராத்திரி வரைக்கும் நேரம் இருக்கு. உனக்கு?"

"மொஞ்சியா, உன் புள்ளைங்க மேல ஆணையா கேக்குறேன். அவரை ஒரு டாக்ஸில ஏத்தி விடு. துறைமுகம் பத்து நிமிஷ தூரம். நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன், நீயும் விடாதே."

"ஏத்தலாம்தான். வரமாட்டேங்குறாரே. நீயே பேசு."

பேராசிரியரின் குரல் மைக்கோடு சேர்ந்தே வந்தது. அவர் மைக்கை வாயிலிருந்து எடுக்கவில்லை போலும். ஜுஹைர் இத்தாலியனில், ஓர்னெல்லாவுக்குக் கேட்காதபடி வாயைக் கையால் மூடிக்கொண்டு, நிலைமையைச் சொன்னான்.

"இளைஞரே," என்றார் பேராசிரியர், "முதலில் அதைக் கார்த்தேஜ் என்று சொல்லாதீர்கள். கர்த்-ஹதஷ்த். புது நகரம் என்று பொருள். இரண்டாவது, நான் ஏழாம் நம்பர் பஸ்ஸில்தான் இருக்கிறேன். எண்ணை நானே பார்த்து ஏறினேன்."

"ஐயா, அது வேற கப்பலோட ஏழு. நம்ம கப்பல் அஞ்சு மணிக்குக் கிளம்பிரும்."

"பதினோரு வருஷமாக நான் அந்தக் கப்பலில் பேசுகிறேன். நான் இல்லாமல் அது எங்கே போகும்? நாளை மால்டாவைப் பற்றி யார் சொல்வார்கள்? இப்போது இவர்கள் ரோமோடு நடந்த மூன்றாம் போரின் கதைக்காகக் காத்திருக்கிறார்கள்." போன் அணைந்தது.

அதற்குப் பிறகு மொஞ்சியா எடுக்கவில்லை. ஹமாதியும் எடுக்கவில்லை.

ஜுஹைர் நிமிர்ந்தான். ஓர்னெல்லா கண்ணைத் திறந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏதாவது பிரச்சினையா?"

"லாரி படுத்திருக்கு. வேற ஒண்ணுமில்ல."

"வேர்க்குது உங்களுக்கு."

"ஜூலை மாசம் சின்யோரா."

ஏசியின் வாய் நேராக அவன் முகத்துக்குத்தான் ஊதிக்கொண்டிருந்தது.

உண்மையைச் சொல்லிவிட இன்னும் நேரம் இருந்தது. எந்த உண்மையை என்பதுதான் கேள்வி. 'என் பயணியை மொஞ்சியா சரிபார்க்காமல் ஏற்றிக்கொண்டாள்' என்பது ஓர் உண்மை. 'அவள் பயணியை நான் சரிபார்க்காமல் ஏற்றிக்கொண்டேன்' என்பது இன்னோர் உண்மை. முதலில் சொல்கிறவர் சொல்வதுதான் கதை, இரண்டாவது வருவது சாக்கு. மொஞ்சியாவும் இந்நேரம் இதையேதான் யோசித்துக்கொண்டிருப்பாள். அதனால்தான் போனை எடுக்கவில்லை. நேராக முதலாளியிடம் பேசிக்கொண்டிருக்கிறாளோ என்னவோ. இந்த நினைப்பு வந்ததும் நடுவரிசைக்குப் போய், நீல ஸ்டிக்கர்க்காரரின் பக்கத்தில் உட்கார்ந்தான். அவர் பெயர் வில்லெம், ஹாலந்துக்காரர்.

"நான் தப்பான பஸ்ல ஏறிட்டேன் போல," என்றார் அவர் சங்கடத்தோடு. "ஏழுன்னு போட்டிருந்துச்சு, ஏறிட்டேன். உங்களுக்குத் தொந்தரவு."

"ஒண்ணுமில்ல ஐயா. சத்தம் போடாம இருங்க, அது போதும்."

"நான் எப்பவுமே போடமாட்டேன்."

அந்த வாக்கியத்துக்காக ஜுஹைர் அவரைக் கட்டிக்கொள்ளத் தயாராக இருந்தான்.

பின்வரிசையில் சின்யோரா இரீடே கைப்பையைத் திறந்து ஒரு சின்ன மருந்துப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் பார்வை ஜுஹைரின் பார்வையைச் சந்தித்தது. அதில் கேள்வி எதுவும் இல்லை. அதுதான் அவனை மேலும் பயமுறுத்தியது.

பஸ் துறைமுகத்துக்குள் நுழைந்தபோது கப்பல் முதல் ஊதல் ஊதிவிட்டது. பயணிகள் வாங்கிய பறவைக் கூண்டுகளையும் பித்தளைத் தட்டுகளையும் தூக்கிக்கொண்டு ஏறுபாலத்தை நோக்கி ஓடினார்கள். ஒவ்வொருவர் அட்டையையும் உரசியதும் வாசலில் இருந்த இயந்திரம் 'டிங்' என்றது. ஜுஹைரின் கருவி தலையை எண்ணும். இந்த இயந்திரம் முகத்தை எண்ணும். கடைசிப் பறவைக் கூண்டும் உள்ளே போன பிறகு அது ஒரு சிவப்பு விளக்கை எரித்தது.

ஓர்னெல்லா திரும்பினாள். "பேராசிரியர் எங்கே?"

"வந்துக்கிட்டிருக்காரு."

"எங்கேயிருந்து?"

அவன் பதில் சொல்வதற்குள் சின்யோரா இரீடே குறுக்கே வந்தாள். கடைசியாக ஏற நின்றவள் அவள்தான். மருந்துப் பையை ஜுஹைரின் கையில் வைத்தாள்.

"நீல மாத்திரை ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம். வெள்ளை காலைல வெறும் வயித்துல. பாஸ்போர்ட்டும் உள்ள இருக்கு. பால் குடுக்காதீங்க, ஒத்துக்காது."

ஜுஹைர் பையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். "உங்களுக்குத் தெரியுமா?"

"அவர் அந்த பஸ்ல ஏறினதை ஜன்னல் வழியா பார்த்துட்டுத்தான் இருந்தேன்."

"கூப்பிட்டிருக்கலாமே!"

"முப்பத்தாறு வருஷமா கூப்பிட்டுட்டுத்தான் இருக்கேன் தம்பி. இன்னிக்கு ஒரு நாள் கூப்பிடாம இருந்தா என்ன ஆகும்னு பார்த்தேன்." அவள் அட்டையை உரசினாள். 'டிங்' என்றது. உள்ளே போய்விட்டாள்.

இரண்டாவது ஊதல். வெள்ளைச் சட்டை போட்ட அதிகாரி ஒருவன் கையால் சைகை காட்டினான். ஓர்னெல்லா ஏறுபாலத்தில் ஏறி, கப்பலின் வயிற்றில் இருந்த கதவுக்குள் நின்று திரும்பினாள். ஏறுபாலத்தை உள்ளே இழுத்தார்கள். கரைக்கும் கப்பலுக்கும் நடுவில் ஒரு முழம் பச்சைத் தண்ணீர் தெரிந்தது.

"ஜுஹைர்!" அங்கிருந்தே கத்தினாள். "கேப்டன் கேக்கறார். நான் ஏதாவது சொல்லணும். இது யார் தப்பு?"

இப்போது சொல்லாவிட்டால் பிறகு சொல்ல எதுவும் இருக்காது. ஜுஹைர் மருந்துப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, இயந்திரங்களின் உறுமலுக்கு மேலே குரலை உயர்த்தினான். "அந்த இன்னொரு பஸ்ஸோட கைடு இருக்காங்களே, அவங்கதான்..."

பின்னால் ஹாரன் அலறியது. ஒரு மஞ்சள் டாக்ஸி கிடங்கு மூலையைச் சுற்றிக் கிறீச்சிட்டு நின்றது. அதிலிருந்து முதலில் மொஞ்சியா இறங்கினாள். கடைசி வரிசைப் பயணிக்கும் தெரியும்படி எண்ணை உயர்த்திப் பிடிக்கிற அந்தக் கழி அவள் கையில் இருந்தது. மற்ற கையால் பேராசிரியரின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"டிவிக்காரர்கள் எங்கே?" என்று கேட்டார் பேராசிரியர், தலைமுடியைச் சரிசெய்துகொண்டே.

"என்ன டிவிக்காரங்க?" என்றான் ஜுஹைர்.

"துறைமுகத்துல பேட்டி எடுக்கக் காத்துட்டிருக்காங்கன்னு சொல்லித்தான் வண்டில ஏத்தினேன்," என்று மொஞ்சியா அரபியில் முணுமுணுத்தாள். "இல்லாட்டி மூணாம் போர் முடியாது. என் பஸ்ஸை ஹமாதிகிட்ட விட்டுட்டு வந்திருக்கேன்."

தன் கூட்டத்தை நடுவழியில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். இவன் ஆளைக் கொண்டுவந்து சேர்ப்பதற்காக. ஜுஹைரின் வாயில் பாதி வெளியே வந்திருந்த வாக்கியம் அங்கேயே நின்றது. அதை உள்ளே இழுக்கவும் முடியவில்லை, முடிக்கவும் முடியவில்லை.

"அவங்கதான்... என்ன?" என்று கதவிலிருந்து ஓர்னெல்லா கத்தினாள்.

"அவங்கதான் அவரைக் கூட்டிட்டு வந்தாங்க!" என்றான் ஜுஹைர். "தப்பு என்னோடது!"

"ஆமா, அவனோடதுதான்!" என்று மொஞ்சியாவும் சுத்தமான இத்தாலியனில் சேர்ந்து கத்தினாள்.

பேராசிரியர் தண்ணீரின் விளிம்புக்குப் போய் நின்றார். "பாலத்தை இறக்குங்கள்!" என்று கட்டளையிட்டார். யாரும் இறக்கவில்லை. கப்பலைக் கரையோடு கட்டியிருந்த முன்கயிறு தண்ணீரில் விழுந்தது. வெள்ளைச் சட்டைக்காரன் ஓர்னெல்லாவைப் பார்த்தான். ஓர்னெல்லா, பக்கத்தில் வந்து நின்றிருந்த சின்யோரா இரீடேயைப் பார்த்தாள். சின்யோரா கணவரைப் பார்த்தாள்.

"இரீடே! இவர்களிடம் சொல்!"

"நீங்க பேசி முடிச்சுட்டு நிதானமா வாங்க உபால்தோ," என்றாள் அவள். "நான் மால்டாவைக் கொஞ்சம் பார்த்துட்டு இருக்கேன்."

மேல்தளத்துக் கைப்பிடியில் வரிசையாகச் சாய்ந்திருந்தவர்களில் யாரோ கைதட்டினார்கள். பிறகு நிறையப் பேர். பேராசிரியர் தலையை லேசாகக் குனிந்து அதை ஏற்றுக்கொண்டார். பதினோரு வருடப் பழக்கம். எதற்காகத் தட்டுகிறார்கள் என்பது குனிந்த தலை நிமிர்வதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது.

கப்பல் நகர்ந்தது. விரியும் தண்ணீருக்கு மேலே ஓர்னெல்லாவின் குரல் வந்தது. இந்த முறை அதில் அதிகாரியின் தோரணை இல்லை.

"ஜுஹைர்! இதுவரைக்கும் ஒரு கைடாலயும் அவரை அரைநாள் முழுசா தொலைக்க முடியல! அடுத்த சீசனும் நீங்கதான், நான் சொல்லிடறேன்!"

கதவு மூடிக்கொண்டது.

கரையில் நால்வர் மிஞ்சினார்கள். ஹாலந்துக்காரர் வில்லெம், தான் இருப்பதே யாருக்கும் தெரியக்கூடாது என்பது போல கயிறு கட்டும் ஓர் இரும்புக் கட்டையின் மேல் உட்கார்ந்திருந்தார். பேராசிரியர் மார்பு உள்வாங்கி, காலையில் இருந்ததைவிட ஒரு சாண் குட்டையாகத் தெரிந்தார். ஜுஹைருக்கு வேலை கிடைத்துவிட்டது. அதன் சுவை எப்படி இருக்கிறது என்று வாயைத் துழாவிப் பார்த்தான். ஒன்றும் நன்றாக இல்லை.

மொஞ்சியா கழியைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவனையே பார்த்தாள்.

"நான் வண்டிய விட்டு இறங்கும்போது அவகிட்ட என்ன கத்திக்கிட்டிருந்தே?"

பொய் சொல்ல அவனுக்கு ஒரு நொடி இருந்தது. பேராசிரியரின் மாத்திரைகள் கையில் கலகலத்தன.

"உன் தலைல போடத்தான் கத்தினேன். பாதிதான் வந்துச்சு."

மொஞ்சியா கழியைத் தோளிலிருந்து இறக்கினாள். பிறகு அவள் தோள்கள் குலுங்கின. அழுகிறாளோ என்று அவன் பதறினான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"டாக்ஸில நான் எதுக்கு ஏறி வந்தேன்னு நினைச்சே? உன்னைக் காப்பாத்தவா? அவ கப்பல்ல ஏறுறதுக்குள்ள உன்னைப் போட்டுக் குடுக்கணும்னு வழியெல்லாம் ஒத்திகை பார்த்துட்டு வந்தேன். இத்தாலியன்ல, இலக்கணத்தோட. நான் வாயத் திறக்குறதுக்குள்ள நீயே ஒத்துக்கிட்டே. எல்லாம் பாழ்."

"அப்ப நீ..."

"அப்ப நான் இவரை நடுரோட்டுல இறக்கி விட்டிருந்தா, தொலைச்ச பேரும் வேலையும் எனக்கு. கொண்டுவந்து சேர்த்தேன் பாரு, என் புத்தியச் செருப்பால அடிக்கணும்."

ஜுஹைர் தரையைப் பார்த்தான். "ஒரு வாரம் நீ, ஒரு வாரம் நான். முதலாளிகிட்ட நான் பேசுறேன்."

"அடுத்த வாரம் யாரு?"

"நீ."

"பிச்சையா?"

"இல்ல. பயம். நீ இத்தாலியன்ல இலக்கணத்தோட பேசிருவே."

அவள் கழியை வில்லெமை நோக்கி அசைத்தாள். "வாங்க ஐயா, கார்த்தேஜ் எங்கயும் ஓடிப் போகாது." டாக்ஸியில் ஏறியவள் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினாள். "அந்த மனுஷனுக்கு முதல்ல ஏதாவது சாப்பிட வாங்கிக் குடு ஜுஹைர். மத்தியானத்துலேருந்து பேசிக்கிட்டே இருந்தாரு, ஒண்ணும் சாப்பிடல."

டாக்ஸி போனது. பேராசிரியர் இன்னமும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜுஹைர் அவர் பக்கத்தில் போய் நின்றான். கப்பல் திரும்பி, துறைமுகக் கால்வாயைத் தாண்டி, வெயிலுக்குள் போய்க்கொண்டிருந்தது.

"இங்கே," என்று ஆரம்பித்தார் பேராசிரியர், தொண்டையைக் கனைத்துக்கொண்டு. ஜுஹைர் ஃபினீசியர்களுக்குத் தயாரானான்.

"இங்கே மீன் எங்கே நல்லா இருக்கும்?" என்று கேட்டார் அவர்.

அன்று முழுக்க, தன்னைப் பற்றி இல்லாமல் அவர் கேட்ட முதல் கேள்வி அது. ஜுஹைர் அவர் கையைப் பிடித்து, தண்டவாளத்தைத் தாண்டும்போது கால் தடுக்காமல் பார்த்துக்கொண்டு, மீன் கடைத் தெருப் பக்கம் கூட்டிப்போனான்.